குடியிருப்புக் கண்காணிப்புக் கேமரா (தமிழ்நாடு)

குடியிருப்புக் கண்காணிப்புக் கேமரா என்பது, வீட்டு உரிமையாளரோ வாடகைக்குக் குடியிருப்பவரோ தெருவாசிகள் பலர் ஒன்றுசேர்ந்தோ தம் சொந்தச் செலவில் பொருத்தி, வாயிலையும் அதை ஒட்டிய தெருவையும் இடைவிடாது பதிவுசெய்யும் நிகழ்படக் கருவி ஆகும். பூட்டிய வீடுகளில் திருட்டு, நகை பறிப்பு, இரு சக்கர வாகனத் திருட்டு முதலிய குற்றங்களைத் தடுப்பதும், நடந்த குற்றத்தைத் துப்புத் துலக்க உதவுவதும் இதன் நோக்கங்கள். தமிழ்நாட்டில் 2010களின் பிற்பாதியில், குறிப்பாகச் சென்னைப் பெருநகரக் காவல்துறையின் "மூன்றாவது கண்" திட்டத்தை ஒட்டி, இப்பழக்கம் பரவலாயிற்று. பின்னர் தருமபுரி போன்ற ஊரக மாவட்டங்களின் சிற்றூர்களுக்கும் இது சென்று சேர்ந்துள்ளது.

இக்கருவி குற்றம் நிகழாமல் தடுப்பதைவிட, நிகழ்ந்த குற்றத்திற்குச் சான்று தருவதிலேயே மிகுதியும் பயன்பட்டு வந்துள்ளது. அச்சான்றின் மதிப்போ கேமராவின் எண்ணிக்கையைப் பொறுத்ததன்று. கேமரா எங்கே பொருத்தப்பட்டுள்ளது, காட்சி எத்தனை நாள் காக்கப்படுகிறது, யார் கையில் உள்ளது என்பவற்றையே பொறுத்துள்ளது.

பெயர்

மூடிய சுற்றுத் தொலைக்காட்சி என்பதற்கான ஆங்கிலச் சொற்றொடரின் சுருக்கமான சிசிடிவி என்னும் பெயரே பேச்சு வழக்கில் நிலைத்துள்ளது. ஒளிபரப்பாக எல்லோருக்கும் செல்லாமல், குறிப்பிட்ட சில திரைகளுக்கு மட்டும் கம்பி வழியே காட்சி செல்வதால் "மூடிய சுற்று" எனப்பட்டது. இன்றைய கருவிகள் பல இணையத்துடன் இணைக்கப்பட்டு, உலகின் எம்மூலையிலிருந்தும் செல்பேசியில் பார்க்கக்கூடியனவாக உள்ளன. ஆகவே பெயரில் உள்ள "மூடிய" என்னும் அடைமொழி இவற்றுக்கு முழுதும் பொருந்துவதில்லை. நாளிதழ்களில் "கண்காணிப்பு கேமரா" என்றும் "மூன்றாவது கண்" என்றும் எழுதப்படுகிறது.

பின்னணி

ஊரார் தம் ஊரைத் தாமே காத்துக்கொள்ளும் முறை தமிழகத்தில் பழைமையானது. சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் ஊர்க்காவலுக்கான வரி "பாடிகாவல்" எனக் குறிக்கப்படுகிறது. பண்டைத் தகடூர் நாடான தருமபுரிப் பகுதியில் மிகுதியாகக் கிடைத்துள்ள நடுகற்களுள் பல, கவர்ந்து செல்லப்பட்ட ஆநிரையை மீட்கும் பூசலில் உயிர்நீத்த வீரர்களுக்காக எழுப்பப்பட்டவை.

அண்மைக் காலத்தில் காவல்துறையும் பொதுமக்களும் இணைந்து செயற்படும் முயற்சியாகக் "காவல்துறை நண்பர்கள்" இயக்கம் 1993 ஆம் ஆண்டு இராமநாதபுரம் மாவட்டத்தில் தொடங்கப்பட்டது. 2020 ஜூலையில் தமிழ்நாடு அரசு இவ்வியக்கத்தின் செயற்பாட்டுக்குத் தடை விதித்தது. இவ்வாறு ஆள் நின்று காத்த பணியின் ஒரு பகுதியையே கேமரா ஏற்றுக்கொண்டது எனலாம். ஆனால் இரவுக் காவலர் கள்வனைக் கண்டால் குரல் கொடுப்பார். கேமரா பதிவு மட்டுமே செய்யும்.

வீட்டுக்கெனக் கேமரா அமைக்கும் எண்ணம் தோன்றியதற்கும் காவலர் உடனே வராததே காரணமாயிற்று. நியூயார்க் நகரின் குவீன்சு பகுதியில் வசித்த மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற செவிலியர், இரவில் வீட்டில் தனித்திருக்கும் நேரங்களில் அச்சம் கொண்டிருந்தார். அழைத்தால் காவலர் வரக் காலம் தாழ்ந்தது. அவரும் அவருடைய கணவரும் கதவில் உள்ள துளைகளின் வழியே வெளியே நிற்பவரைப் படம்பிடித்து உள்ளறைத் திரையில் காட்டும் அமைப்பை உருவாக்கி, 1966 இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தனர். 1969 டிசம்பர் 2 அன்று காப்புரிமை வழங்கப்பட்டது. இன்றைய வாயில் கேமராக்களின் முன்னோடியாக இது கருதப்படுகிறது.

கருவியும் இயக்கமும்

வீடுகளில் பொருத்தப்படும் அமைப்பில் பொதுவாகப் பின்வரும் உறுப்புகள் உள்ளன.

- கேமரா: உருளை வடிவிலோ அரைக்கோள வடிவிலோ அமையும். இரவில் பார்ப்பதற்காக அகச்சிவப்பு விளக்குகள் இதனுள்ளேயே இருக்கும்.
- பதிவுப்பெட்டி: டிவிஆர் அல்லது என்விஆர் என வழங்கப்படும். முன்னது அச்சு வடம் வழியாக வரும் காட்சியையும், பின்னது வலையமைப்பு வழியாக வரும் காட்சியையும் பதிவுசெய்யும்.
- வன்தட்டு: காட்சிகள் சேமிக்கப்படும் இடம். நிறைந்தவுடன் மிகப் பழைய காட்சி அழிந்து அதன்மேல் புதியது பதியும்.
- மின்வழங்கல்: மின்தடை நேரத்தில் இயங்க இன்வர்ட்டர் அல்லது யுபிஎஸ் தேவை.

பதிவுப்பெட்டி இல்லாமல், கேமராவுக்குள்ளேயே நினைவக அட்டை கொண்டு கம்பியில்லா இணைய இணைப்பில் இயங்கும் சிறு கருவிகளும் உள்ளன. மின்னிணைப்பு இல்லாத தோட்டங்களில் சூரிய மின்தகடும் சிம் அட்டையும் கொண்டு இயங்கும் கருவிகள் பயன்படுத்தப்படுகின்றன.

சேமிப்புக் காலம்: நொடிக்கு 2 மெகாபிட் வீதம் பதிவுசெய்யும் ஒரு கேமரா ஒரு நாளில் ஏறக்குறைய 21.6 ஜிகாபைட் இடத்தை நிரப்பும். நான்கு கேமராக்கள் சேர்ந்து 86.4 ஜிகாபைட் நிரப்பும். ஆகவே 1 டெராபைட் வன்தட்டில் ஏறத்தாழ 11 நாட்களின் காட்சி மட்டுமே தங்கும். இரண்டு வாரம் வெளியூர் சென்று திரும்பியவர் தம் வீடு முதல் நாளே உடைக்கப்பட்டதைக் கண்டால், அந்நாளின் காட்சி அதற்குள் அழிந்திருக்கும். அசைவு தென்படும்போது மட்டும் பதியுமாறு அமைத்தால் காலம் நீளும்.

தெளிவு: கண்காணிப்பு நிகழ்பட அமைப்புகளுக்கான பன்னாட்டுச் செந்தரம், திரையில் ஒருவரை ஐயமின்றி அடையாளம் காண மீட்டருக்கு 250 படப்புள்ளிகள் தேவை எனக் கூறுகிறது. முன்பே தெரிந்த ஒருவர்தாமா என உறுதிசெய்ய 125 படப்புள்ளிகளும், ஆள் நடமாட்டம் உண்டா என அறிய மட்டும் 25 படப்புள்ளிகளும் போதும். 1920 படப்புள்ளி அகலம் கொண்ட 2 மெகாபிக்சல் கேமரா, ஏறத்தாழ 7.7 மீட்டர் அகலமுள்ள பரப்புக்குள் நிற்பவரை மட்டுமே அடையாளம் காட்டும். தெரு முழுவதையும் ஒரே காட்சியில் அடக்க எண்ணிக் கேமராவை மாடியின் உச்சியில் பொருத்தினால், யாரோ ஒருவர் போனார் என்பது தெரியும். யார் என்பது தெரியாது. தலைக்கவசமோ முகத்துணியோ அணிந்தவரிடம் உயர்ந்த தெளிவும் பயன்படாது. இரவில் வாகன எண் பலகை அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி எறிவதால் எண் வெண்ணிறமாய் மங்குவதும் உண்டு.

தமிழ்நாட்டில் வளர்ச்சி

2012 விதிகள்

தமிழ்நாடு அரசு 2012 ஆம் ஆண்டில், நகர்ப்புற உள்ளாட்சிப் பகுதிகளில் அமைந்த பொதுக் கட்டடங்களில் கண்காணிப்புக் கேமரா நிறுவுவதைக் கட்டாயமாக்கும் விதிகளை வகுத்தது. பொதுமக்கள் கூடும் அலுவலகங்கள், மருத்துவமனைகள், வணிக வளாகங்கள் முதலியன இவற்றின் வரம்பில் வரும். தனி வீடுகளுக்கு இக்கட்டாயம் இல்லை. ஊராட்சிப் பகுதிகளும் இவ்விதிகளின் எல்லைக்கு வெளியே உள்ளன. எனவே வீடுகளிலும் சிற்றூர்களிலும் கேமரா வைப்பது முழுக்க முழுக்கத் தன்விருப்பமாகவே இருந்து வருகிறது.

அண்டை மாநிலத்தில் நிலைமை சற்று வேறு. அன்றைய ஆந்திரப் பிரதேசம் 2013 இல் பொதுப் பாதுகாப்பு நடவடிக்கைகள் அமலாக்கச் சட்டத்தை இயற்றி, மக்கள் பெருமளவில் கூடும் நிறுவனங்களில் கேமரா வைப்பதையும் 30 நாள் பதிவைக் காப்பதையும் கடமையாக்கியது. ஐதராபாத்தில் குடியிருப்போர் பணம் சேர்த்துத் தெருக்களில் கேமரா அமைக்கும் திட்டத்துக்கு "நானும் கூட" என்னும் பொருள்பட "நேனு சைதம்" எனப் பெயரிடப்பட்டது.

நுங்கம்பாக்கம் நிகழ்வு, 2016

2016 ஜூன் 24 அன்று காலை, சென்னை நுங்கம்பாக்கம் தொடர்வண்டி நிலையத்தில் பணிக்குச் செல்லக் காத்திருந்த மென்பொருள் நிறுவன ஊழியரான இளம்பெண் ஒருவர் பயணிகள் முன்னிலையில் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்நிலையத்தில் அப்போது கண்காணிப்புக் கேமரா ஒன்றும் இல்லை. நிலையத்தை ஒட்டிய தெருக்களில் தனியார் தம் கட்டடங்களில் வைத்திருந்த கேமராக்களின் காட்சிகளிலிருந்தே, முதுகில் பையுடன் விரைந்து செல்லும் ஓர் இளைஞனின் உருவத்தைக் காவல்துறை பெற்று வெளியிட்டது. ஜூலை 1 ஆம் நாள் இரவு, திருநெல்வேலி மாவட்டத்தில் செங்கோட்டை அருகே ஒருவர் கைது செய்யப்பட்டார்.

வீட்டுக் கேமராவின் ஆற்றலும் வரம்பும் இந்நிகழ்வில் ஒருங்கே வெளிப்பட்டன. பொது நிறுவனம் ஒன்றில் இல்லாத சான்று தனியார் சுவர்களில் இருந்தது. ஆனால் அது கொலையைத் தடுக்கவில்லை. கைது செய்யப்பட்டவர் 2016 செப்டம்பர் 18 அன்று புழல் சிறையில் உயிரிழந்தார். அது தற்கொலை எனக் கூறப்பட்டதை அவருடைய குடும்பத்தினர் மறுத்தனர். வழக்கு முழு விசாரணைக்கு வராமலே போனதால், அக்காட்சிகள் நீதிமன்றக் குறுக்கு விசாரணையில் சோதிக்கப்படவில்லை.

மூன்றாவது கண் திட்டம்

ஏ. கே. விசுவநாதன் சென்னைப் பெருநகரக் காவல் ஆணையராகப் பணியாற்றிய 2017 முதல் 2020 வரையிலான காலத்தில், மாநகரின் தெருக்களில் 50 மீட்டருக்கு ஒரு கேமரா என்னும் இலக்கு வகுக்கப்பட்டது. குடியிருப்போர் நலச்சங்கங்கள், வணிகர் சங்கங்கள், தனியார் வீட்டுக்காரர்கள் ஆகியோரின் பங்களிப்பே திட்டத்தின் முதுகெலும்பாக அமைந்தது. 2018 இல் நடிகர் விக்ரம் தோன்றிய விழிப்புணர்வுக் குறும்படம் ஒன்றும் வெளியிடப்பட்டது. வீட்டு வாயிலை மட்டும் நோக்கும் கேமராக்களுடன் ஒன்றையேனும் தெருவை நோக்கித் திருப்பி வைக்குமாறு காவல்துறை வேண்டிக்கொண்டது.

இதன் விளைவாகக் கேமராக்களின் எண்ணிக்கை பெருமளவில் உயர்ந்தது. சர்ஃப்சார்க் நிறுவனம் 2020 இல் வெளியிட்ட ஒப்பீட்டில் சென்னையில் சதுர கிலோமீட்டருக்கு 657 கேமராக்கள் எனக் கணக்கிடப்பட்டு, உலக நகரங்களுள் முதலிடம் தரப்பட்டது. கம்பாரிடெக் நிறுவனத்தின் தரவைக் கொண்டு 2021 இல் வெளியான மற்றொரு பட்டியலில் சதுர மைலுக்கு ஏறத்தாழ 610 எனக் குறிக்கப்பட்டு, தில்லி, இலண்டன் ஆகியவற்றுக்கு அடுத்த இடமே கிடைத்தது. ஒரு சதுர மைல் என்பது ஏறத்தாழ 2.6 சதுர கிலோமீட்டர் ஆதலால், இவ்விரு மதிப்பீடுகளும் தம்முள் பெரிதும் முரண்படுகின்றன. தனியார் வைத்த கேமராக்களுக்கு ஒரே பதிவேடு இல்லாத நிலையில் இத்தகைய எண்களைக் கவனத்துடன் கொள்ள வேண்டும்.

நகை பறிப்புக் குற்றங்கள் குறைந்ததாகவும், குற்றவாளிகளை விரைந்து கைது செய்ய முடிந்ததாகவும் காவல்துறை அறிவித்தது. பின்வந்த ஆண்டுகளில், பொருத்தப்பட்டவற்றுள் பல பழுதாகிக் கிடப்பதாக நாளிதழ்களில் செய்திகள் வந்தன. நிறுவும்போது நன்கொடை தந்தவர் பலர் இருந்தனர். அறுந்த வடத்தை மாற்றும் பொறுப்பு யாருடையது என்பது தெளிவாக வரையறுக்கப்படாததே இதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது.

மேற்கு மாவட்டங்களின் தோட்டத்து வீடுகள்

2024 நவம்பர் இறுதியில் திருப்பூர் மாவட்டம் பல்லடம் அருகே சேமலைகவுண்டம்பாளையத்தில் தாய், தந்தை, மகன் ஆகிய மூவர் தம் தோட்டத்து வீட்டில் கொல்லப்பட்டனர். 2025 மே தொடக்கத்தில் ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே தோட்டத்து வீட்டில் தனித்து வாழ்ந்த முதிய தம்பதியர் கொல்லப்பட்டது தெரியவந்தது. ஊரிலிருந்து விலகி வயல் நடுவே அமைந்த வீடுகளில் முதியோர் மட்டும் வாழும் நிலை இவற்றால் மாநில அளவில் கவனம் பெற்றது. இத்தகைய வீடுகளில் கேமரா பொருத்துமாறு காவல்துறை அறிவுறுத்தியதுடன், சுற்றுக்காவலும் கூட்டப்பட்டது. சிவகிரி நிகழ்வு தொடர்பில் அதே மாதம் சிலர் கைது செய்யப்பட்டனர்.

தருமபுரி மாவட்டம்

தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2 அன்று சேலம் மாவட்டத்திலிருந்து பிரித்து அமைக்கப்பட்டது. 2004 பெப்ரவரியில் இதிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 15,06,843. இவர்களுள் ஏறத்தாழ 17 விழுக்காட்டினரே நகர்ப்புறங்களில் வாழ்ந்தனர். மாவட்டத்தில் 251 ஊராட்சிகள் அமைந்தன. இதன்படி, 2012 விதிகள் எட்டாத பரப்பிலேயே மாவட்ட மக்களுள் ஐந்தில் நால்வருக்கும் மேற்பட்டோர் வாழ்கின்றனர். நெடுந்தெருவில் 50 மீட்டருக்கு ஒன்று என்னும் சென்னைக் கணக்கு, பென்னாகரத்தின் காட்டோரக் குடியிருப்புகளுக்கோ அரூர், பாப்பிரெட்டிப்பட்டி வட்டங்களின் மலையடிவார ஊர்களுக்கோ பொருந்தாது.

இம்மாவட்டத்தில் வீட்டுக் கேமராவின் தேவையும் பயனும் மூன்று சூழல்களால் அமைகின்றன.

1. இடம்பெயர் தொழில்: மழை குறைந்த இம்மாவட்டத்திலிருந்து பெங்களூரு, திருப்பூர் முதலிய ஊர்களுக்கு வேலைக்குச் செல்வோர் மிகுதி. வீடு பூட்டிக் கிடக்கும். அல்லது முதியோர் மட்டும் இருப்பர். வெளியூரில் உள்ள மகனோ மகளோ செல்பேசியில் வீட்டைப் பார்த்துக்கொள்வதற்காகவே பலர் கேமரா வைக்கின்றனர். திருட்டுக் கண்காணிப்புடன், தாய் தந்தையர் நலமாக எழுந்து நடமாடுகின்றனரா என்று பார்க்கவும் அதுவே பயன்படுகிறது.
2. நெடுஞ்சாலை: பெங்களூரு - சேலம் வழித்தடமான தேசிய நெடுஞ்சாலை 44 மாவட்டத்தின் ஊடே செல்கிறது. குற்றம் புரிந்தவர் சிறிது நேரத்தில் மாவட்ட எல்லையைக் கடந்துவிட இயலும். ஆகவே ஊரின் நுழைவாயிலிலும், கிளைச்சாலை நெடுஞ்சாலையைச் சேரும் இடத்திலும் உள்ள கேமராவே வாகனம் சென்ற திசையைக் காட்டும்.
3. திருட்டின் தன்மை: ஊரகப் பகுதிகளில் நகை, பணம் மட்டுமன்றி ஆடு மாடுகளும், கிணற்று மோட்டாரின் செப்புக் கம்பியும், வாசலில் நிறுத்திய இரு சக்கர வாகனமும் களவு போகின்றன. வீட்டு வாயிலைப் பார்க்கும் கேமரா பட்டியையும் கிணற்று மேட்டையும் காணாது.

இத்தகைய ஊர்களில் வீட்டுக்கு வீடு தனித்தனியே பல கேமராக்கள் வைப்பதைவிட, ஊருக்குள் வரும் இரண்டு மூன்று வழிகளில் பொதுவாகச் சில கேமராக்கள் வைப்பது குறைந்த செலவில் மிகுந்த பயன் தரும். ஆனால் பொதுக் கேமராவுக்குக் காட்சியைக் காப்பவர் யார், பார்க்க உரிமை உடையவர் யார் என்னும் வினாக்கள் உடன் எழுகின்றன.

குற்றம் குறைகிறதா?

கேமராக்களின் விளைவு குறித்து நாற்பது ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து எரிக் பைசா, பிரான்டன் வெல்சு, டேவிட் ஃபாரிங்டன், அமண்டா தாமசு ஆகியோர் 2019 இல் வெளியிட்ட மீளாய்வு பரவலாக எடுத்தாளப்படுகிறது. அதன் முடிவுகள்:

- கேமரா வைக்கப்பட்ட பகுதிகளில், வைக்கப்படாத பகுதிகளுடன் ஒப்பிடக் குற்றங்கள் ஏறத்தாழ 13 விழுக்காடு குறைந்தன.
- வாகன நிறுத்துமிடங்களில் பயன் மிகுதி. குடியிருப்புப் பகுதிகளிலும் குறிப்பிடத்தக்க குறைவு காணப்பட்டது.
- வாகனத் திருட்டும் பிற சொத்துக் குற்றங்களும் குறைந்தன. வன்முறைக் குற்றங்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.
- பதிவு மட்டும் செய்யும் அமைப்புகளைவிட, ஒருவர் அமர்ந்து நேரில் பார்த்துக்கொண்டிருக்கும் அமைப்புகள் மிகுந்த பயன் தந்தன.
- கேமராவுடன் தெருவிளக்கு, சுற்றுக்காவல் போன்ற பிற ஏற்பாடுகளும் சேர்ந்த இடங்களில் விளைவு கூடுதல்.

இவ்வாய்வுகளுட் பெரும்பாலானவை ஐக்கிய இராச்சியத்திலும் ஐக்கிய அமெரிக்காவிலும் பொது இடக் கேமராக்களைக் குறித்து நடந்தவை. தமிழ்நாட்டு வீட்டுக் கேமராக்களுக்கு இம்முடிவுகளை அப்படியே பொருத்திவிட இயலாது. எனினும், திட்டமிட்டு வரும் திருடனைத் தயங்கவைக்கலாம், சினத்தாலும் வெறியாலும் நிகழும் கொலையைத் தடுக்காது என்னும் வேறுபாடு நுங்கம்பாக்கம் நிகழ்வுடன் ஒத்துப்போகிறது.

கேமரா உள்ள தெருவை விட்டுவிட்டுத் திருடன் அடுத்த தெருவுக்குப் போகக்கூடும் என்பதும் விவாதிக்கப்படுகிறது. இது குற்ற இடப்பெயர்ச்சி எனப்படும். அவ்வாறு நிகழ்ந்தால், கேமரா வாங்க இயலாத குடும்பங்கள் வாழும் தெருவே அச்சுமையை ஏற்க நேரும்.

நீதிமன்றத்தில் சான்றாக

கேமராப் பதிவு மின்னணுப் பதிவு என்னும் வகையில் சான்றாக ஏற்கப்படுகிறது. முன்னர் இந்தியச் சான்றுச் சட்டத்தின் 65ஆ பிரிவும், 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்சிய அதினியத்தின் 63 ஆம் பிரிவும் இதற்குரியவை. மூலக் கருவியையே நீதிமன்றத்தில் ஒப்படைக்காமல் படியெடுத்துத் தரும்போது உரிய சான்றிதழ் கட்டாயம் என்பதை உச்சநீதிமன்றம் 2014 இலும், மீண்டும் 2020 இல் அர்ச்சுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கிலும் உறுதிசெய்தது. புதிய சட்டத்தின்படி சான்றிதழ் இரு பகுதிகளைக் கொண்டது. முதற் பகுதியில் கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவரும், இரண்டாம் பகுதியில் வல்லுநரும் கையொப்பமிட வேண்டும். கோப்பு மாற்றப்படவில்லை என்பதைக் காட்டும் "ஹாஷ்" மதிப்பும் குறிக்கப்பட வேண்டும். ஆகவே வீட்டுக்காரர் காட்சியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள இயலாது. வழக்கில் அவரும் ஒரு சாட்சியாக நேரலாம்.

விசாரணைக்குத் தேவையான பதிவை ஒப்படைக்குமாறு எழுத்து மூலம் கோரும் அதிகாரம் பாரதிய நாகரிக் சுரட்சா சன்கிதாவின் 94 ஆம் பிரிவின்படி காவல் நிலையப் பொறுப்பு அலுவலருக்கு உண்டு.

காட்சிப் பதிவு குற்றஞ்சாட்டப்பட்டவருக்கும் அரணாகும். வாரணாசி விடுதி ஒன்றில் 2010 இல் நிகழ்ந்த மரணம் தொடர்பாக இரு இத்தாலியருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. விடுதியில் கேமரா இருந்தும் அதன் காட்சி நீதிமன்றத்தின் முன் வைக்கப்படவில்லை. தொமாசோ புரூனோ வழக்கு எனப்படும் இதில், சிறந்த சான்றை அரசுத் தரப்பு மறைத்தது வழக்கின் மீதே ஐயத்தை எழுப்புகிறது எனக் கருதிய உச்சநீதிமன்றம் 2015 ஜனவரியில் இருவரையும் விடுதலை செய்தது.

பெட்டியின் கடிகாரம் தவறாக இருப்பது எளிய பிழையாயினும் பெருந்தீங்கு விளைக்கக்கூடியது. பத்து நிமிடம் பிந்திய கடிகாரம், குற்றத்தோடு தொடர்பற்ற ஒருவரைக் குற்றம் நிகழ்ந்த நேரத்தில் அத்தெருவில் நிறுத்திவிடும்.

தனியுரிமை

2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, தனியுரிமை அடிப்படை உரிமை எனத் தீர்ப்பளித்தது. ஒருவருடைய உடலின் மறைவுறுப்புகளை இசைவின்றிப் படம்பிடிப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66உ பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். 2023 ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் தம் சொந்த அல்லது வீட்டுத் தேவைக்காகத் தரவைக் கையாள்வதைத் தன் வரம்பிலிருந்து விலக்கியுள்ளது. தெருவை நோக்கிய கேமரா "வீட்டுத் தேவை" ஆகுமா என்பதைச் சட்டம் விரித்துரைக்கவில்லை.

இதே வினாவை ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2014 டிசம்பர் 11 அன்று ஆராய்ந்தது. செக் குடியரசில் தம் வீடு தாக்கப்பட்டதால் கேமரா வைத்த ஒருவரின் வழக்கில், பொதுவழியையும் எதிர்வீட்டையும் பதிவுசெய்யும் கேமரா முற்றிலும் வீட்டு நோக்கமுடையது ஆகாது என நீதிமன்றம் கூறியது. குடும்பத்தின் உயிரையும் உடைமையையும் காக்கும் நியாயமான நலன் கருத்தில் கொள்ளப்படலாம் எனவும் அது ஏற்றது. இந்தியாவில், உடன் வசிப்போரின் இசைவின்றி வீட்டின் வாழ்பகுதிகளுக்குள் கேமரா இயக்கக்கூடாது என்று கல்கத்தா உயர்நீதிமன்றம் 2025 பெப்ரவரியில் தீர்ப்பளித்தது. உடன்பிறந்தார் இருவருக்கு இடையே எழுந்த அவ்வழக்கின் மேல்முறையீட்டை உச்சநீதிமன்றம் அதே ஆண்டு மே மாதம் ஏற்க மறுத்தது.

சிற்றூர்களில் தனியுரிமை வேறொரு பொருளும் பெறுகிறது. ஒருவருக்கொருவர் முகமறிந்த ஊரில், கேமரா புதியவரை மட்டுமன்றித் தினமும் போய் வரும் அண்டை வீட்டாரையும் பதிவுசெய்கிறது. எந்தப் பெண் எத்தனை மணிக்கு யாருடன் பேசினார் என்பது தெருமுனைப் பெட்டியில் இருக்கும். தருமபுரி மாவட்டத்தில், சாதி கடந்த திருமணம் ஒன்றை அடுத்து 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று தலித் குடியிருப்புகள் சூறையாடப்பட்டுத் தீயிடப்பட்டன. இத்தகைய பின்புலமுள்ள பகுதியில், யார் யாருடன் பழகுகிறார் என்னும் செய்தி ஒருவருடைய உயிருக்கே ஊறு விளைக்கக்கூடும். ஆகவே பொதுத் தெருவைப் பதிவுசெய்யும் காட்சியை வம்புக்காகப் பார்ப்பதும், வாட்சப் குழுக்களில் பரப்புவதும் சிறு பிழையாகக் கருதத்தக்கன அல்ல.

காட்சி யார் கையில்?

பதிவு இருப்பதும் பதிவு கிடைப்பதும் ஒன்றல்ல. 2020 ஜூனில் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் காவலில் எடுக்கப்பட்ட தந்தையும் மகனும் உயிரிழந்தபின், நிலையத்தை ஆய்வு செய்த நீதித்துறை நடுவர், வன்தட்டில் போதிய இடம் இருந்தும் காட்சிகள் நாள்தோறும் தானே அழியுமாறு அமைக்கப்பட்டிருந்ததாகச் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு அறிக்கை அளித்தார். அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று உச்சநீதிமன்றம், அனைத்துக் காவல் நிலையங்களிலும் கேமரா நிறுவிப் பதிவுகளை 18 மாதங்கள் காக்க வேண்டும் என ஆணையிட்டது. குடிமக்களைத் தெருவில் கேமரா வைக்கக் கோரும் அமைப்பும் அதே அளவில் பதிவுக்கு உட்பட வேண்டும் என்னும் கருத்து இதனால் வலுப்பெற்றது.

இணையவழிக் கேமராக்களில் காட்சி உற்பத்தியாளரின் சேமிப்பகத்துக்கும் செல்லக்கூடும். வாயில் கேமரா விற்கும் ரிங் நிறுவனத்தின் ஊழியர்கள் வாடிக்கையாளர்களின் தனிப்பட்ட காட்சிகளைப் பார்க்க வழிவிட்டிருந்ததாக ஐக்கிய அமெரிக்காவின் கூட்டரசு வணிக ஆணையம் 2023 இல் குற்றஞ்சாட்டியது. அந்நிறுவனம் 58 இலட்சம் டாலர் செலுத்த உடன்பட்டது. இந்திய அரசு 2024 ஏப்ரலில் கண்காணிப்புக் கேமராக்களுக்கான இணையப் பாதுகாப்புத் தேவைகளை அறிவித்தது. இவை 2025 ஏப்ரல் 9 முதல் நடைமுறைக்கு வந்தன.

பயன்பாட்டில் கருதத்தக்கவை

- ஒரு கேமராவையேனும் முகம் தெரியும் உயரத்தில், வாயிலின் அகலத்துக்குள் பார்வை அடங்குமாறு வைத்தல்.
- பதிவுப்பெட்டியைக் கண்ணில் படாத இடத்தில் பூட்டி வைத்தல். திருடர் பெட்டியையும் எடுத்துச் செல்வது உண்டு.
- பெட்டியுடன் வந்த கடவுச்சொல்லை உடனே மாற்றுதல்.
- கடிகாரத்தையும், பதிவு நடைபெறுகிறதா என்பதையும் மாதம் ஒருமுறை சரிபார்த்தல்.
- அண்டை வீட்டின் சன்னல், குளியலறை, முற்றம் ஆகியன காட்சியில் விழாதவாறு திருப்புதல். இயலாதவிடத்து அப்பகுதியைத் திரையில் மறைத்தல்.
- கேமரா உள்ளது என்னும் அறிவிப்புப் பலகை வைத்தல்.
- குற்றம் நிகழ்ந்தால் காட்சி அழியுமுன் தனியே படியெடுத்தல். காவல்துறையிடம் தரும்போது எழுத்து மூலமான கோரிக்கையும் ஒப்புகைச் சீட்டும் பெறுதல்.
- ஐயத்துக்குரியவர் எனத் தோன்றும் ஒருவரின் படத்தைத் தாமே பரப்பாமல், காவல் நிலையத்திடம் மட்டும் ஒப்படைத்தல்.
- வெளியூர் செல்லும்போது கேமராவை மட்டும் நம்பாமல், அண்டை வீட்டாரிடமும் காவல் நிலையத்திலும் சொல்லிச் செல்லுதல். காட்சியைக் காண்பவர் எங்கோ தொலைவில் இருப்பார்; கதவு உடையும் ஓசையைக் கேட்டு வரக்கூடியவர் அடுத்த வீட்டுக்காரரே.